இறப்பரும் அரிசியும்



ஒரு நாடு அரசியற் சுதந்திரம் பெறும் நாள் வேறு. அது தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும் நாள் வேறு. 1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆயினும் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றையும் அந்நியச் சந்தையில் விற்று, வந்த பணத்தில் அரிசி வாங்கும் பழைய பொருளாதாரமே அன்றும் நம்மிடம் இருந்தது. விற்கும் பொருளுக்கும் வாங்கும் பொருளுக்கும் விலை குறிப்பவர் பிறரே.

1950 ஜூனில் கொரிய யுத்தம் மூண்டது. வல்லரசுகள் இறப்பரை வாங்கிக் குவித்தன, விலை ஏறியது, நம் திறைசேரியும் நிறைந்தது. ஆனால் அச்செழிப்பு நிலைக்கவில்லை. 1952இல் இறப்பர் விலை சரிந்தது; அரிசி விலையோ உயர்ந்து நின்றது. போதிய அரிசி கிடைப்பதே அரிதாயிற்று.

அதே வேளையில் சீனா இறப்பருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. யுத்தத்துக்கு உதவும் பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பலாகாதென 1951 மேயில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானித்திருந்தது. மலாயாவின் இறப்பரும் அங்கே செல்லவில்லை. இலங்கையோ 1955 வரை அச்சபையில் உறுப்புரிமை பெறவில்லை. அன்று ஆட்சியிலிருந்த டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் பொதுவுடைமைக் கொள்கைக்கு எதிரானது. சீனாவுடன் தூதுறவும் ஏற்படவில்லை. எனினும் பசி கட்சி பார்ப்பதில்லை. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா இவ்வுடன்பாட்டுக்கு முன்னின்று உழைத்தார். 1952 டிசெம்பர் 18ஆம் திகதி பீக்கிங்கில் அது கைச்சாத்தாயிற்று. ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரை நாம் கொடுப்பதென்றும், 2,70,000 தொன் அரிசியைப் பெறுவதென்றும் முடிவாயிற்று. இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடிய விலை கிடைத்தது. இதற்கு நாம் கொடுத்த விலையும் உண்டு: சில ஆண்டுகள் அமெரிக்கப் பொருளாதார உதவி நமக்குக் கிட்டவில்லை.

ஆனால் அரிசி கப்பலில் வந்துவிட்டால் மாத்திரம் போதுமா? அதை மக்களுக்கு மலிவாக வழங்கும் செலவை அரசாங்கம் தாங்க முடியவில்லை. 1953 ஜூலையில், கொத்து 25 சதமாக இருந்த பங்கீட்டு அரிசியின் விலை 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது, உயிர்களும் பலியாயின. ஒக்டோபரில் பிரதமர் பதவி துறந்தார். மக்கள் வயிற்றுக்கும் திறைசேரிக் கணக்குக்கும் இடையே நிற்பது எத்துணை அரிய காரியமென்பதைப் புதிய நாடு அன்று கற்றது.

உடன்பாடு பலமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது. அது நமக்கு அளித்த பெருங்கொடை அரிசியன்று, அவகாசமே. அந்த அவகாசத்தில் முதிர்ந்த இறப்பர் மரங்களை அகற்றி மறுநடுகை செய்தோம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் புதிய நெல்வயல்களைத் தந்தது. பின்னர் மகாவலி நீரும், பத்தலகொடை நெல்லாராய்ச்சி நிலையத்தின் புதிய நெல்லினங்களும் சேர்ந்து அரிசியில் நம்மைத் தன்னிறைவுக்கு அண்மையிற் கொண்டுவந்தன. இது சிறிய சாதனையன்று.

எனினும் பழைய கணக்கின் மறுபாதி எஞ்சியே இருந்தது. அரிசிக்குப் பதிலாக எரிபொருள், மருந்து, பசளை என இறக்குமதித் தேவைகள் பெருகின. ஏற்றுமதி அவற்றுக்கு ஈடாக வளரவில்லை. இடைவெளியைக் கடன் நிரப்பியது. 2022 ஏப்ரிலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை இடைநிறுத்தியது. எரிபொருளுக்காக மக்கள் வீதியிலே இரவு பகலாய் வரிசையில் நின்றனர். 1952ஐ அறிந்தவர்க்கு அந்த வரிசை புதியதன்று.

நல்ல ஒப்பந்தம் ஒரு நாட்டைப் பஞ்சத்திலிருந்து காக்கலாம். ஆனால் அது தரும் அவகாசம் வயலிலும் தொழிற்சாலையிலும் பள்ளிக்கூடத்திலும் முதலீடாக மாறாவிடின், அடுத்த நெருக்கடியும் அதே வாயிலால் உள்ளே வரும். இறப்பரும் அரிசியும் நமக்குப் புகட்டிய பாடம் இதுவே.