மலையகப் படமாளிகைகளின் மறைவு

திம்புள்ள, ஹற்றன் முதலாய மலையகப் பகுதிகளில் பழைய படமாளிகைகள் அருகியதற்குத் தொலைக்காட்சியே காரணமெனப் பலர் கருதுவர். இலங்கையில் தொலைக்காட்சி தோன்றியது 1979இல். தேய்வுக்கு வித்திட்ட நிகழ்ச்சிகளோ அதற்கு முந்தியவை.

மலையகத்தில் தமிழ்ப் படங்களைத் தாங்கி நின்றோர் தோட்டத் தொழிலாளரே. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. ஆண்டுதோறும் லயங்கள் வெறுமையாயின. படம் பார்ப்போரும் குறைந்தனர். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்தபின் இந்தியப் படங்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. தோட்டமக்கள் வாழ்வைப் பொருளாகக்கொண்ட ‘தோட்டக்காரி’ (1963), ‘புதிய காற்று’ (1975) போன்ற ஈழத்துப் படங்கள் அவ்விடத்தை நிரப்பப் போதியனவாகவில்லை. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா கலையகம் எரிந்தது. படச்சுருள்கள் பலவும் உடன் அழிந்தன.

பார்ப்போரையும் படங்களையும் ஏற்கெனவே இழந்திருந்த மாளிகைகளின் கதவையே தொலைக்காட்சி இறுதியிற் சாத்தியது எனலாம்.