இறுதியாக வந்த இலங்கையர்

ஒலிம்பிக் விழாவிலே 10,000 மீற்றர் ஓட்டம் 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் நகரில் முதன்முதலாக நடைபெற்றது. 400 மீற்றர் ஓடுபாதையை 25 முறை சுற்றிவருதல் வேண்டும். பழைய கணக்கிற் கூறின், ஆறேகால் மைலுக்குச் சற்றுக் குறைந்த தூரமாகும். பின்லாந்து நாட்டவரான கோலெமைனென், நூர்மி ஆகியோரும், பின்னர் 1948, 1952ஆம் ஆண்டுகளில் செக்கோசிலோவாக்கியாவின் சற்றோப்பெக்கும் இவ்வோட்டத்திற் பெரும் புகழீட்டினர். இத்தகைய ஓட்டமொன்றில் எல்லாருக்கும் பின்னே வந்த இலங்கையர் ஒருவர், பிறநாட்டார் உள்ளத்தில் நிலைத்த இடம் பெற்ற வரலாறு அறியத்தக்கது.

யப்பானியத் தலைநகராகிய டோக்கியோவின் தேசிய விளையாட்டரங்கு இலங்கைக்குப் புதியதன்று. 1958ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழா அங்கே நடந்தபோது, யாழ்ப்பாணத்து வீரர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விழாவில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அதுவே. ஆறு ஆண்டுகள் கழிந்தன. ஒலிம்பிக் விழாவும் அதே அரங்கிற்கு வந்தது.

1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 14ஆம் நாள் 10,000 மீற்றர் ஓட்டம் தொடங்கியது. உலக சாதனைக்கு உரியவரான அவுஸ்திரேலிய வீரர் றொன் கிளார்க்கே வெல்வாரெனப் பலரும் கருதியிருந்தனர். ஆயினும் இறுதிச் சுற்றிலே, பின்தங்கியோரிடையே வழிதேடி நெருங்கி ஓடிய மூவருள், ஒருவரும் எதிர்பாராத அமெரிக்கச் செவ்விந்திய இளைஞர் பில்லி மில்ஸ் திடீரென முன்பாய்ந்து, 28 நிமிடம் 24.4 செக்கனில் வெற்றி பெற்றார். தியூனிசியாவின் கமூடி இரண்டாமவர், கிளார்க் மூன்றாமவர். அரங்கம் ஆரவாரித்தது. போட்டி முடிந்ததென்றே பலரும் எண்ணினர்.

ஆனால் ஓடுபாதையில் ஒருவர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். அவர் இலங்கை வீரர் ரணதுங்க கருணானந்த. அவர் அணிந்திருந்த இலக்கம் 67. முன்சென்றோர் அவரை நான்கு முறை சுற்றிக் கடந்துவிட்டனர். இடைநடுவே விலகிச் சென்றோரும் அவ்வோட்டத்தில் உண்டு. அவரும் விலகியிருந்தால் எவரும் குறைகூறியிரார். மற்றையோர் யாவரும் முடித்தபின்னரும் அவர் கோட்டைக் கடந்து அடுத்த சுற்றைத் தொடங்கியபோது, பார்வையாளரிடையே முதலிற் சிரிப்பெழுந்தது. மீண்டும் ஒரு சுற்று. சிரிப்பு அடங்கியது. அவர் செய்வது இன்னதென்று கூட்டம் உணர்ந்துகொண்டது. தன்னந்தனியராய் அவர் இறுதிக் கோட்டை அடைந்தபோது, வெற்றியாளருக்குக் கிடைத்ததற்குக் குறையாத கரகோஷம் அரங்கை நிறைத்தது. அவர் எடுத்த நேரம் 34 நிமிடங்களுக்கு மேலாகும்.

யப்பானியர் அந்நிகழ்ச்சியை அன்றோடு மறந்துவிடவில்லை. 1970களில் அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிப் பாடநூலொன்றில், அவருடைய 67 என்னும் இலக்கத்தையே தலைப்பிற் கொண்ட பாடமாக அது இடம்பெற்றது. போரின் அழிவிலிருந்து எழுந்து, தன் மீட்சியை உலகுக்குக் காட்ட விழா எடுத்த ஒரு நாடு, தன் சிறார்க்குப் பாடமாகத் தெரிந்தெடுத்தவர்களுள் பிறநாட்டின் கடைசி ஓட்டக்காரர் ஒருவரும் இருந்தாரென்பது சிந்திக்கற்பாலது. எடுத்த கருமத்தை முடித்தல் அம்மக்கள் நன்கு அறிந்த அறம். அதனை அவரிடம் கண்டமையாற் போற்றினர்.

பதக்கப் பட்டியல் மூவரோடு முடிந்துவிடும். அது பிழையன்று, வேகத்தை அளப்பதே அதன் தொழில். ஆனால் முதல்வர் ஓடியதும் 25 சுற்று. இறுதியானவர் ஓடியதும் 25 சுற்று. தூரத்தில் ஒரு முழமேனும் குறைவில்லை. சுமந்த நேரமோ இறுதியானவர்க்கே அதிகம்.

நேயர்களே, கரவெட்டியிலும் அயற்கிராமங்களிலும் உள்ள பாடசாலைகளில் ஆண்டுதோறும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடைபெறுகின்றன. நீண்ட தூர ஓட்டத்தில் மூவர் பெயர் ஒலிபெருக்கியிற் சொல்லப்பட்டதும், அடுத்த நிகழ்ச்சிக்கு மைதானம் ஆயத்தமாகிவிடும். அப்போது எல்லைப்புறத்தில் இன்னும் இரண்டு சுற்று மீதமிருக்க ஒரு சிறுவன் ஓடிவரக்கூடும். அவனுக்கு வழிவிட்டு, அவன் முடிக்கும்வரை காத்திருத்தல் பெரியோர் கடன். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தில், ஓடாத மாணவரும் கற்றுக்கொள்வது மிகுதி.