யோசனையில் நரைத்த தலை

வாப்பா மௌத்தாகி ஒரு வருஷத்துக்குள் உம்மாவின் தலை வெளுத்துவிட்டது. அப்போது உம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கலஹா வீட்டு வாசலில் தலை சீவிக்கொண்டே, "வயசுக்கு நரச்சல்ல மகன், யோசிச்சி யோசிச்சி நரச்ச" என்பார். அதை வெறும் புலம்பல் என்றே நினைத்திருந்தேன். எனக்கும் 46 வயதான பின்னர்தான், இரண்டு பெரும் மருத்துவ மரபுகள் உம்மாவின் பக்கம் நிற்பதை அறிந்தேன்.

ஒன்று சீன மரபு. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட 'ஹுவாங்தி நெய்ஜிங்' ஆணின் வாழ்வை எட்டெட்டு ஆண்டுகளாகப் பிரிக்கிறது. 40இல் முடி உதிரும். 48இல் நரை காணும். சிறுநீரகத்தில் தங்கியுள்ள 'ஜிங்' என்ற பிறவிச் சாரம் குறைவதே இதற்குக் காரணமாம். கோபம் ஈரலையும், துக்கம் நுரையீரலையும், ஓயாத யோசனை மண்ணீரலையும், அச்சம் சிறுநீரகத்தையும் வாட்டும் என்றும் அது சொல்கிறது. அப்படியானால், நீண்டகால அச்சம் முதுமையின் வேரையே தொடுகிறது.

மற்றது நமது யூனானி. உடலின் இயல்பான ஈரம் விளக்கெண்ணெய் போல வற்றுவதே முதுமை என்பர் ஹகீம்கள். இப்னு சீனாவின் (980–1037) 'அல்-கானூன்' வழிவந்த மரபில், ஆரோக்கியத்துக்கு அவசியமானவை ஆறு. காற்று, உணவு, உறக்கம் ஆகியவற்றோடு உள்ளத்தின் அசைவும் ஓய்வும் அவற்றுள் ஒன்று. மனநிம்மதி இங்கே சோற்றுக்குச் சமமாக வைக்கப்பட்டிருக்கிறது.

இவ்விரு மரபுகளும் சந்தித்ததுண்டு. ஈல்கானிய அரசின் வஸீரும் மருத்துவருமான ரஷீதுத்தீன், சீன மருத்துவ நூல்களைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தார். 1313இல் தப்ரீஸில் உருவான அந்தத் 'தன்ஸூக் நாமா'வில் இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் நாடிசாஸ்திரம். அதை ஆக்குவித்தவர் 1318இல் அரசவைச் சூழ்ச்சியால் கொல்லப்பட்டார்.

2004இல் எலிசா எபெல், எலிசபெத் பிளாக்பர்ன் குழுவினர் நோயுற்ற பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்மாரை ஆராய்ந்தனர். கூடிய மனஅழுத்தத்தை உணர்ந்தவர்களிடம் உயிரணுக்களின் டெலோமியர்கள் குறுகியிருந்தன. பழைய ஹகீமும் சீன வைத்தியரும் இந்த நுண்ணிழையைக் கண்டவர்களல்லர். அவர்கள் பார்த்தது மனிதர்களின் முகத்தை.

இலங்கையின் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தில் யூனானிக்கும் இடமுண்டு. நமது வீடுகளிலோ பிரஷரையும் சீனியையும் அளக்கிறோம். உம்மாமாரின் யோசனையை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நரை நின்றிருக்குமோ என்னவோ, உம்மா தனியே யோசித்திருக்கமாட்டார்.