ரதியின் ஒப்பாரியும் கலாநிதிப் பட்டமும்

அண்மைக் காலமாக இளைஞர் சிலர் ஒரே கேள்வியை எனக்கு எழுதி வருகிறார்கள். இசை, நாடகம், ஓவியம் ஆகிய கலைகளின் வழியே மனத்துயரை ஆற்றும் முறைகளைப் பற்றிக் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறோம்; மலையகத்தில் அதற்குரிய வரலாறு ஏதேனும் உண்டா என்பது அவர்களின் கேள்வி. கேட்பவர்களிற் பலர் தோட்டங்களிற் பிறந்து, பல்கலைக்கழக வாசல் வரை வந்தவர்கள். தனித்தனியே பதில் எழுதுவதைவிட, வாசகர் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தத் துறையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். நாடகத்தை உளச்சிகிச்சைக்குப் பயன்படுத்தும் முயற்சியை 1921இல் வியன்னா நகரில் ஜே.எல். மொரேனோ என்ற மருத்துவர் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் உடலும் மனமும் நைந்து திரும்பிய படைவீரர்களுக்கு அமெரிக்க மருத்துவமனைகளில் இசை பெரிதும் பயன்பட்டது. இசைச் சிகிச்சைக்கான முதலாவது பல்கலைக்கழகப் பயிற்சி 1944இல் மிச்சிகனில் ஆரம்பமாயிற்று. இலங்கைத் தமிழரிடையே இத்துறைக்கு வித்திட்டதும் போர்தான். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வடக்கின் மனக்காயங்களைப் பதிவு செய்தார். நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் அக்காயங்களை அரங்குக்குக் கொண்டுவந்தார். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போர் கண்ட சிறுவர்கள் களிமண்ணோடும் வர்ணங்களோடும் கதைகளோடும் தங்கள் அச்சத்தை இறக்கிவைத்தார்கள்.

வடக்குக்கும் கிழக்குக்கும் இப்படியொரு வரலாறு உண்டு. மலையகத்துக்கு இல்லையா? உண்டு. ஆனால் அது 'சிகிச்சை' என்ற பெயரில் எங்கும் பதியப்படவில்லை.

1820களில் கோப்பித் தோட்டங்களுக்காக அழைத்துவரப்பட்ட தமிழகத்து ஏழைகள், தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மாத்தளை வந்து சேர்ந்தார்கள். வழியில் கொள்ளைநோயாலும் பசியாலும் இறந்தோர் ஏராளம். அந்தப் பாதையை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நடந்ததை வாசகர் அறிவார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்டார். பின்னர் கோப்பி நோயில் அழிய, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. தொழிலாளிக்குக் கிடைத்தவை ஒற்றை அறை லயமும் விடியற்காலைப் பிரட்டும். மனம் நொந்தவர் போய்ச் சொல்லி அழ ஒரு மருத்துவர் தோட்டத்தில் இருக்கவில்லை. இருந்தவை தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தப்பு, கூத்து ஆகியவையே.

இவற்றுள் ஆய்வாளர் முதலிற் பார்க்கவேண்டியது காமன் கூத்து. மாசி மாத அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றப்படும். அன்று தொடங்கி இரவுதோறும் தப்பொலியும் பாட்டும் லயத்து முற்றத்தை நிறைக்கும். சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுகிறான். ரதி புலம்புகிறாள். இறுதியில் அவன் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உயிர்பெறுகிறான். ரதி வேடமும் ஆண்களே கட்டுவார்கள். நேர்த்திக்கடனுக்காக வேடம் கட்டுவோரும் உண்டு. பார்ப்போரும் ஆடுவோரும் ஒரே தோட்டத்தார். எனவே மேடைக்கும் சபைக்கும் இடையே பெரிய தூரம் கிடையாது.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இக்கூத்தை விடிய விடியப் பார்த்தேன். ரதி புலம்பத் தொடங்கியதும் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். அருகிலிருந்த ஒரு மூதாட்டியிடம் கதைதானே அம்மா என்றேன். "ரதிக்காக அழுவுறேன்னு நெனச்சியா தம்பி? அவளுக்கு அவ புருசன் திரும்பி வந்துருவான். கப்பலேறிப் போன எந் தங்கச்சி வரலியே" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஓர் உடன்படிக்கையின் வரலாறு அடங்கியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மிகுதியான 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரு லயத்துக்குள்ளேயே அக்காள் இந்நாட்டுக்கும் தங்கை அந்நாட்டுக்கும் ஆனார்கள். உயிரோடு இருப்பவரைப் பிரிந்ததற்கு ஒப்பாரி வைக்க வழக்கம் இடந்தராது. ஆனால் ரதியின் ஒப்பாரிக்குள் தன் அழுகையையும் சேர்த்து அழலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். சிகிச்சை என்ற சொல்லை அறியாத மக்கள் அதன் வேலையைச் செய்துகொண்ட விதம் இது.

எனினும் கலையின் பணி ஆற்றுவது மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசய்யர் பாடல்களையும் நாடகத்தையும் எழுதினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். அழுது ஆறுவதற்கு ஒரு பாட்டு இருந்தது போலவே, எழுந்து கேட்பதற்கும் ஒரு பாட்டு இருந்தது. துயரின் காரணம் சம்பளத்திலும் சட்டத்திலும் இருக்கும்போது, அதை மனநோயாக மட்டும் பார்க்கும் ஆய்வு பாதி ஆய்வே.

இவ்வளவும் கண்முன்னே இருக்க, பல்கலைக்கழகம் ஏன் தாமதமாகத் திரும்பிப் பார்த்தது? பேராதனைப் பல்கலைக்கழகம் மலைநாட்டில்தான் இருக்கிறது. அங்கிருந்துதான் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலி வதை (1968) ஆகியவற்றைத் தந்து கூத்துக்குப் புதுவாழ்வு அளித்தார். இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னர் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதியானார். ஈழத்துத் தமிழ் அரங்கு என்றும் நன்றியுடன் நினைக்கவேண்டிய பணி இது. ஆனால் அங்கு மேடையேறிப் புகழ்பெற்ற கூத்துகள் மட்டக்களப்பு மரபைச் சார்ந்தவை. பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த தோட்டங்களின் காமன் கூத்துக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அன்று மட்டக்களப்பின் பிள்ளைகள் வகுப்பறையில் இருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளில் அங்கே வந்து சேர்ந்தவர் மிகச் சிலர். தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசின் கைக்கு வந்தன.

ஆகவே சேகரிக்கும் பணி பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடந்தது. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்று, அடுத்து வந்த சட்டங்களால் தன் மக்கள் வாக்குரிமை இழப்பதைக் கண்ட சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டந்தோட்டமாகப் பாடல்களைத் திரட்டினார். சாரல் நாடன் வாய்மொழி இலக்கியத்தையும், மாத்தளை வடிவேலன் பாரம்பரியக் கலைகளையும், அந்தனி ஜீவா அரங்க வரலாற்றையும் எழுதினார்கள். ஆய்வைத் தொடங்குவோர் மேலைநாட்டுக் கோட்பாட்டு நூல்களைப் புரட்டுமுன் இவர்களைப் படிக்கவேண்டும்.

இன்னொரு செய்தியையும் மறைக்காமற் சொல்லவேண்டும். தப்பு இல்லாமற் காமன் கூத்து இல்லை. அந்தத் தப்பை அடிக்கும் கடமை தலைமுறை தலைமுறையாக ஒரு சாதியார் மீதே சுமத்தப்பட்டிருந்தது. கூத்துக்கு அவர்கள் வேண்டும்; சாவுக்கும் அவர்கள் வேண்டும்; சமபந்தியில் மட்டும் இடமில்லை. இன்று அக்குடும்பத்து இளைஞர் சிலர் தப்பைத் தொட மறுக்கிறார்கள். வேறு சிலர் அதையே பெருமையின் சின்னமாகக் கையில் எடுக்கிறார்கள். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஒருவருக்கு ஆறுதல் தரும் தாளம் அதை அடிப்பவருக்கு என்ன தந்தது என்று கேட்காமல், 'தப்பிசைச் சிகிச்சை' என்று தலைப்பிட்டு ஆய்வேடு எழுதுவது நேர்மையாகாது.

இந்த ஆய்வுக்கு அவசரமும் உண்டு. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை நிகழ்ந்தது. உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகளுக்குத் தடை வந்தபின் அது வெகுவாகக் குறைந்தது. நஞ்சு எட்டாத் தூரத்துக்குப் போனதால் உயிர்கள் தப்பின. நஞ்சைத் தேட வைத்த துயர் தீர்ந்ததா என்பது வேறு கேள்வி. குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெருமளவு தீர்ந்தாலும், காணிக்கும் வீட்டுக்கும் சம்பளத்துக்குமான போராட்டம் முடியவில்லை. பிள்ளைகள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டதால், முன்போல் எல்லாத் தோட்டங்களிலும் காமன் கம்பம் ஊன்றப்படுவதில்லை. அழுவதற்கென்றிருந்த அந்த முற்றம் இல்லாதபோது மக்கள் எங்கே போய் அழுகிறார்கள்? ஆய்வாளர் விடைதேட வேண்டிய வினா இதுவே.

எனக்கு எழுதிய இளைஞர்களுக்கு நான் கூறுவது இதுதான். முதலாவது மாசியில் குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியும் இல்லாமற் போங்கள். கூத்து வாத்தியாரிடம் அனுமதி கேட்டு, ஓரமாக இருந்து விடியும்வரை பாருங்கள். மறுவருடம் கேள்விகளோடு போகலாம். ஆய்வேட்டை எந்த மொழியில் எழுதினாலும், அதன் சாரத்தைத் தமிழில் ஒரு சிறு நூலாக்கி, உங்களுக்குப் பாடியவர்களிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நீங்களே உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தம் சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.