லினக்ஸ் கணினியில் ப்ளூடூத் ஹெட்செட்

லினக்ஸ் மேசைக் கணினியில் ப்ளூடூத் ஹெட்செட்டை இயங்க வைப்பதில் வானொலி இணைப்பு சிறு பங்குதான்; கேட்பதையும் பேசுவதையும் ஒத்துப்போக வைப்பதே பெரும்பாடு. இணைப்பைக் கவனிக்கும் புளூஇசட் 2001இலேயே லினக்ஸ் கருவகத்தில் சேர்ந்துவிட்டது. ஆனால் ஒலியைச் சுருக்கி அனுப்பும் எல்டாக், ஆப்ட்எக்ஸ் கோடெக்குகளை, கணினியின் ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோ ஏற்றது 2021இல், 15ஆம் பதிப்பில். அதே ஆண்டு ஃபெடோரா 34 லினக்ஸ் பல்ஸ்ஆடியோவை விட்டு, அதே வேலையைச் செய்யும் பைப்வயருக்கு மாறியது. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் ஒலிப்பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இசை கேட்பதற்கான ஏ2டிபி முறையில் அது இரு காதுக்கும் தனித்தனியே, நொடிக்கு 44,100 மாதிரிகளாக வருகிறது. நடுவே அழைப்பு வந்து ஹெட்செட்டின் மைக் திறந்தால் இணைப்பு தொலைபேசி முறைக்குத் தாவும்: ஒற்றைத் தடம், பழைய கோடெக்கில் 8,000 மாதிரி. அதில் பாதியான 4,000 ஹெர்ட்சுக்கு மேலுள்ள நீர்ச் சலசலப்பெல்லாம் போய்விடும்.

நல்ல கோடெக் போட்டால் தீராதா என்பார்கள். தீராது, ஏ2டிபி ஒருவழிப் பாதை, மைக்குக்கு அதில் இடமே இல்லை. தொலைபேசி முறையின் எம்எஸ்பிசி கோடெக் பேச்சை 16,000 மாதிரிக்கு உயர்த்தும், அவ்வளவுதான். ப்ளூடூத்தின் புதிய ஒலி முறையான எல்இ ஆடியோ நல்ல ஒலியையும் மைக்கையும் சேர்த்துத் தரும், ஆனால் கணினி, ஹெட்செட் இரண்டிலும் அது இருக்கவேண்டும். கம்பியே மேல் என்ற வாதத்திலும் நியாயமுண்டு. ப்ளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். வாவிக்குள் இறக்கும் ஒலிவாங்கிக்குக் கம்பிதான் கதி. அந்த வாவியின் கல்லடிப் பாலத்தருகே தோணியில் துடுப்பை நீரில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பவருக்கு அந்தத் துடுப்பே ஹெட்செட். மேசையில் நிலைமை வேறு. அங்கே குறை அலையில் இல்லை, எப்போது எந்த முறைக்கு மாறுவது என்று மென்பொருள் எடுக்கும் முடிவில் இருக்கிறது.