பொன்னின் எடையும் பொத்தானின் சான்றும்

வரலாற்றுச் சான்றுகள் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் ஏட்டுச்சுவடியிலும் மாத்திரமே உறைவன என்று கருதுதல் பொருந்தாது. பெட்டகத்தின் மூலையிற் கிடக்கும் ஒரு சோடிப் பொற்பொத்தானும் தான் தோன்றிய காலத்தைக் கூறவல்லது. சட்டைக் கையின் மணிக்கட்டு மடிப்பைப் பிணைக்கும் இவ்வணியை ஆங்கிலேயர் ‘கஃப்லிங்ஸ்’ என்பர். தமிழிற் கைப்பொத்தான் எனலாம்.

இங்கிலாந்தில் இது 17 ஆம் நூற்றாண்டிலே வழக்கிற்கு வந்தது. 1662 இல் நிகழ்ந்த இரண்டாம் சாள்ஸ் மன்னனின் திருமணத்தை நினைவுகூர்வன எனக் கருதப்படும், முடிசூடிய இரு இதயங்கள் பொறித்த பொத்தான்கள் இன்றும் கிடைக்கின்றன. மட்டக்களப்பிலோ, 1814 இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்திறங்கியபின் ஆங்கிலக் கல்வி வேரூன்றியது. அக்கல்வியின் வழி உத்தியோகமும், உத்தியோகத்தின் வழி மேனாட்டு உடையும் பரவின. இவ்வுடை மோகத்தைக் கண்டித்து, ‘இரவல் இறகுகள்’ எனப் பொருள்படும் தலைப்பில் ஆனந்த குமாரசுவாமி 1905 இல் ஆங்கிலத்தில் எழுதினார். அவர் கண்டித்த காலமே இப்பொத்தான்கள் செல்வாக்குற்றிருந்த காலமுமாகும்.

பழைய பொத்தானின் காலத்தை அறிவது எவ்வாறு? ஆங்கிலப் பொன்வினைக்கு முத்திரையிடும் முறைமை இதற்குப் பெரிதும் உதவும். அந்நாட்டில் 1798 இல் 18 கரட் தரமும், 1854 இல் 15, 12, 9 கரட் தரங்களும் சட்டத்தால் ஏற்கப்பட்டன. 1932 இல் 15 உம் 12 உம் நீக்கப்பட்டு 14 கரட் புகுத்தப்பட்டது. ஆகவே, 15 கரட் என ஆங்கில முத்திரை பெற்ற பொத்தான் 1854 க்கு முந்தியதுமன்று. 1932 க்குப் பிந்தியதுமன்று. நங்கூரக் குறி பேர்மிங்காம் நகரையும், சிறுத்தைத் தலை இலண்டனையும் சுட்டும். ஆண்டெழுத்தும் தெளிவாயிருப்பின் ஆண்டே புலப்படும். உள்ளூர்த் தட்டார் செய்தவற்றில் இத்தகைய முத்திரை இராது; அவற்றிற் பற்றவைப்பும் சங்கிலிப் பிணைப்பும் செதுக்கு வேலையுமே சான்றாகும்.

இனி, பெரியகல்லாறு முதலிய வாவிக்கரை ஊர்களை நோக்குவோம். தாய்வழிக் குடிமுறை நிலவும் இப்பகுதியில் வீடும் வளவும் சீதனமாகப் பெண்மக்களையே சேர்வது மரபு. தாலிக்கொடியையும் காப்பையும் மகள் அணிவாள். தந்தையின் கைப்பொத்தானை அணிவார் யார்? கோட்டு வழக்கொழிந்தபின் அது பயனற்ற பொன்னாகிறது. முடை வந்தவிடத்து முதலிற் பட்டறைக்குச் செல்லத்தக்கதும் அதுவே. அங்கே உரைகல்லும் தராசுமே பேசும். 6 கிராம் எடையுள்ள 15 கரட் சோடியில் உள்ள தூய பொன் 3.75 கிராம் மாத்திரமே, விலையும் அவ்வளவிற்கே. முத்திரையும் பெயரெழுத்தும் மூசையில் மறைந்துவிடும்.

இவ்விழப்புச் சிறிதன்று. போர் நிகழ்ந்த 1983 முதல் 2009 வரையான காலத்தில் இடம்பெயர்ந்தோர் பலர் தம் பத்திரங்களை இழந்தனர். 2004 மார்கழி 26 இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையூர்களில் எஞ்சியவற்றையும் அள்ளிச் சென்றது. எழுத்துச் சான்று அருகிய குடும்பத்திற்கு, முன்னோரின் தொழிலையும் காலத்தையும் காட்டும் சிறுபொருளும் ஆவணமேயாகும்.

வறுமையில் விற்பாரைக் குறைகூறுதல் அறமன்று. ஆயினும், விற்குமுன் முத்திரையை உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பார்த்து எழுதிவைத்தலும், இருபுறமும் படம் எடுத்தலும், எவர் அணிந்தது என முதியோரைக் கேட்டுக் குறித்தலும் செலவற்ற செயல்கள். நூறாண்டு கடந்த பொருளைத் தொல்பொருளாகக் கொள்ளும் வணிகர் பொன்விலைக்கு மேலும் தருதல் கூடும். அதனால் உருக்குமுன் உசாவுதல் நன்று. கல்லூரி மாணவர் தத்தம் ஊரில் இப்பணியை மேற்கொள்ளலாம்.

கண்ணகி வழிபாடு தழைத்த மண் மட்டக்களப்பு. அங்கே சிலம்பின் கதையை அறியாதார் இலர். உடைபட்ட சிலம்பின் பரல் உண்மையை வெளிப்படுத்தியது. உருக்கப்பட்ட பொத்தானோ தன் உண்மையை என்றைக்கும் கூறாது.