வடக்கன்குளம்: மனசாட்சியும் ஒரு சுவரும்

"என் மனசாட்சிப்படி நடந்தேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கேட்கக் கூடாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கத்தோலிக்க அறநெறி இதில் பாதியை மட்டுமே ஒப்புக்கொள்கிறது. மனிதன் தன் மனசாட்சிக்குக் கீழ்ப்படிய வேண்டும், அதை மீறும்படி அவனை யாரும் வற்புறுத்தக் கூடாது என்பது முதல் பாதி. அந்த மனசாட்சி உண்மையைத் தேடி அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பது மறு பாதி. இந்த இரண்டையும் புரிந்துகொள்ள திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் என்ற ஒரே ஊரின் வரலாறு போதும்.

கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712-ல் பிறந்தவர் நீலகண்டன். உயர்சாதியாகக் கருதப்பட்ட நாயர் குடும்பம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் பத்மநாபபுரத்தில் அரசுப் பணியாளராக இருந்தார். 1741 குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு மன்னரின் படையிலேயே தளபதியான டச்சுக்காரர் டி லனாயின் நட்பு அவருக்குக் கிடைத்தது. அவர் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்த நீலகண்டன், 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு புட்டாரியிடம் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவமாக அவருக்குத் தேவசகாயம் என்று பெயரிடப்பட்டது.

1749-ல் அவர் கைது செய்யப்பட்டார். எருமை மேல் பின்புறமாக உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டு போனார்கள் என்பது மக்கள் மறக்காத செய்தி. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டனைக்குக் காரணம் மதம் மாறியதா அல்லது அரசுக்கு எதிரான குற்றமா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. திருச்சபை அவரை விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர் என்றே ஏற்கிறது. சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியதும் அவர்மீது வெறுப்பை வளர்த்தது என்றும் சொல்கிறது.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில் நூறு ஆண்டுகளுக்குப் பின் நடந்தது வேறு கதை. 1872-ல் அங்கு எழுந்த புதிய கோயிலுக்கு ஒரு பீடம், ஆனால் இரண்டு தனித்தனி மண்டபங்கள். ஒன்றில் வெள்ளாளரும் அவர்களைச் சார்ந்தோரும், மற்றொன்றில் நாடார்களும் பிறரும் நின்று ஒரே பூசையைக் கண்டார்கள். நடுவில் சுவர். 1910-ல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. கலவரம் ஏற்பட்டது, வழக்கு நடந்தது. தனியாகப் பிரிந்து வழிபடுவது வழக்கத்தால் தங்களுக்கு வந்த உரிமை என்று வெள்ளாளர் தரப்பு வாதாடியது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

தேவசகாயமும் தன் முடிவில் பிடிவாதமாக இருந்தார். சுவரைக் கேட்டவர்களும் பிடிவாதமாகத்தான் இருந்தார்கள். தாங்கள் செய்வது சரி என்று அவர்கள் மனதார நம்பியும் இருக்கலாம். அப்படியானால் வேறுபாடு எங்கே?

13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதற்கு விடை சொன்னார். மனசாட்சி தவறாகச் சொன்னாலும், அதைச் சரி என்று நம்புகிறவன் அதற்கு எதிராக நடந்தால் அவனுக்குப் பாவமே. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் அசட்டையாக இருந்ததால் மனசாட்சி தவறியிருந்தால், அதன்படி நடந்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கடைக்காரர் தன் தராசை நம்பித்தான் நிறுக்க வேண்டும். அதற்காக எடைக்கல்லைச் சோதித்து முத்திரை வாங்காமல் இருந்துவிட முடியுமா?

இந்தப் பாடத்தைத் திருச்சபையே மெதுவாகத்தான் கற்றது. மனசாட்சி சுதந்திரம் எல்லோருக்கும் வேண்டும் என்ற கருத்தை 1832-ல் போப் பதினாறாம் கிரகோரி கடுமையாகக் கண்டித்தார். மத விஷயத்தில் யாரையும் வற்புறுத்தக் கூடாது, அந்த உரிமை மனித மாண்பிலிருந்து வருகிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965 டிசம்பர் 7 அன்றுதான். சுதந்திரத்தை உண்மையிலிருந்து பிரிக்கக் கூடாது என்பதை 1993-ல் போப் இரண்டாம் ஜான் பால் ஒரு சுற்றுமடலில் விரிவாக எழுதினார்.

தேவசகாயம் 2012-ல் அருளாளராகவும், 2022 மே 15 அன்று புனிதராகவும் உயர்த்தப்பட்டார். இந்தியாவின் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவரே. ஆனால் அவர் பெயரோடு சேர்த்து எழுதப்பட்டு வந்த 'பிள்ளை' என்ற சாதிப் பெயர், எதிர்ப்பு எழுந்த பிறகே நீக்கப்பட்டது. திருச்சபைக்குள் தலித் மக்கள் பாகுபாட்டுக்கு ஆளாகிறார்கள் என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-ல் ஒப்புக்கொண்டது.

அரசனுக்கு முன்னால் மனசாட்சியைக் காப்பாற்றுவது பெரிய காரியம். பழகிப்போன சொந்த வழக்கத்தை அதே மனசாட்சியின் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்பது அதைவிடக் கடினம். வடக்கன்குளத்தில் முதலாவதற்குப் பிறகு இரண்டாவது நடக்க 165 ஆண்டுகள் ஆயின.